கொப்பியில் ஏறாத பனங்கட்டி

எனக்குச் சலரோகம் என்கிற நீரிழிவும் பிரஷரும் வந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டுக்கும் குளிசை போட்டுக்கொண்டு, ஒரே மேசையில் இருந்து காணிப்படங்கள் வரைந்துகொண்டு காலத்தை ஓட்டினேன். இந்த வருடத் தொடக்கத்தில் கிளினிக் டொக்டர் என் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைப் பார்த்தார். ஒன்பது தசம் இரண்டு.

"இன்னும் மூன்று மாதம் பாப்பம். குறையாட்டி இன்சுலின் தொடங்கத்தான் வேணும்" என்றார்.

நான் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவன். ஐம்பத்து மூன்று வயதில் இதைச் சொல்ல வெட்கம்தான். ஆனால் எழுதுவதென்றால் உள்ளதை எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கொஞ்சமும் கலங்கவில்லை.

"அதுக்கென்ன, நான் போட்டுவிடுறன். இருபது வருசமாய்த் தையல் மெசினிலை இருக்கிறன். ஊசி எனக்குப் புதுசே?"

அந்த ஆறுதலுக்குப் பிறகு என் பயம் இரண்டு மடங்காகியது.

கிளினிக்கிலிருந்து என்னை ஓர் உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். இணுவிலில் எங்கள் சனசமூக நிலையத்து முற்றத்தில், திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்கு. என்னோடு சேர்த்து நாட்பட்ட வியாதியுள்ள வருத்தக்காரர் எட்டுப் பேர். படிப்பித்தவர் கொடிகாமத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் இளம் பிசியோதெரபிஸ்ற். எல்லோரும் அவரை மிஸ் என்போம்.

முதற் பயிற்சி, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்புவது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அறுபத்தைந்து வயதுத் தோட்டக்கார அண்ணை.

"பிள்ளை, நாற்பது வருசம் வெங்காயத்துக்குக் குனிஞ்சு நிமிர்ந்தவன் நான். எனக்குக் கதிரையிலை இருந்து எழும்பப் படிப்பிக்கிறியோ?"

"அப்ப ஒருக்கா எழும்பிக் காட்டுங்கோ ஐயா."

அண்ணை எழும்பினார். இடுப்பில் இறுகியிருந்த பிளாஸ்ரிக் கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது. அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு ஒரு நாளும் பிந்தவில்லை.

நடைப்பயிற்சி பக்கத்துக் கோயில் வெளிவீதியில். ஒரே காலில் பாரம் விழாமல் பாதி நேரம் மறுவளமாகச் சுற்றச் சொன்னார் மிஸ். எட்டுப் பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோயிலை இடப்பக்கமாகச் சுற்ற யாருக்குக் கால் வரும்? கடைசியில் மறுவள நடையை வாசிகசாலைப் பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்கு மாற்றினார்.

நான் ஒரு புதுக் கொப்பி வாங்கி அடிமட்டத்தால் கோடு போட்டுப் பத்தி பிரித்தேன். எழும்பிய நேரம், நடந்த நிமிடங்கள், அரை நிமிடத்தில் எத்தனை தரம் கதிரையிலிருந்து எழும்பினேன், சோறு எத்தனை அகப்பை, சீனி எத்தனை கரண்டி. முதல் நாள் கதிரைக் கணக்கு ஏழு. சீனிப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை பூச்சியங்கள். பார்க்கவே அழகாக இருக்கும்.

ஆறு கிழமை கழிந்தது. நடை நாற்பது நிமிடமாகியது, கதிரைக் கணக்கு பதினொன்று. ஆனால் மிஸ் விரலில் குத்திப் பார்த்த சீனி அளவு அசையவில்லை. எனக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் பெரிய மாற்றமில்லை. மிஸ் என் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்தார்.

"ஐயா, இப்பிடி ஒரு கொப்பி நான் காணேல்லை. இதிலை உள்ளதுதான் நீங்கள் சாப்பிடுறது எண்டால் சீனி இறங்கியிருக்க வேணும்."

சீனி பார்க்கும் மெசினில் பிழையோ என்று வேறொரு மெசினும் கொண்டுவந்தார். அதுவும் அதையே சொன்னது. மூன்று மாதத்தில் பாதி போய்விட்டது. எனக்கு ஊசி கனவிலும் வரத் தொடங்கியது.

அடுத்த வியாழன் ஏழு மணிக்கு வகுப்பு முடிந்து, வழக்கம்போல மிஸ் ஸ்கூட்டரில் போனார். வழக்கம்போல அண்ணையோடு வரும் அவரது மனைவி போத்தலில் கொண்டுவந்த பிளேன்ரீயை எல்லோருக்கும் வார்த்தார். வழக்கம்போல நான் பையிலிருந்து பனையோலையால் பின்னிய சின்னக் குட்டானை எடுத்துப் பிரித்தேன். என் மனைவியின் ஊர் வல்வெட்டித்துறை. அவரது தமையன் மாதாமாதம் அதில் பதநீர் காய்ச்சிய பனங்கட்டி அனுப்புவார். ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கன்னக் கொடுப்புக்குள் வைத்தோம். சீனி போடாத தேநீரைப் பனங்கட்டியோடு உறிஞ்சுவதுதானே எங்கள் ஊர்ப் பழக்கம். பயிற்சி செய்த களைப்புக்கு அது அமிர்தம்.

திடீரென்று ஸ்கூட்டர் சத்தம். மிஸ் ரெலிபோனை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன, எல்லாரும் கதைக்காமல் இருக்கிறியள்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடிய நிலையிலும் இல்லை. அண்ணைதான் ஒரு மாதிரிச் சமாளித்தார்.

"மூச்சுப் பயிற்சி, பிள்ளை."

சொல்லும்போதே மண்ணிறத்தில் ஒரு துளி அவர் உதட்டிலிருந்து நாடியில் வழிந்தது.

"வாயிலை என்ன ஐயா?"

அண்ணை விழுங்கிவிட்டு என்னைக் காட்டினார். "தம்பிதான் கொண்டு வாறவர்."

மிஸ் குட்டானைத் தூக்கிப் பார்த்தார். "இது எவ்வளவு நாளாய் நடக்குது?"

எந்தக் கேள்விக்கும் திகதியோடு பதில் சொல்லும் நான் கொப்பியைப் புரட்டினேன். கொப்பியில் அப்படியொரு பத்தியே கிடையாது.

"மிஸ், இது சீனி இல்லை. பனங்கட்டி. உடம்புக்குக் குளிர்மை" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் வரைக்கும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"அது உங்களுக்குத் தெரியும் ஐயா. உங்கடை ரத்தத்துக்குத் தெரியாது. அதுக்கு எல்லாம் சீனிதான்."

சொல்லிவிட்டு அவர் கதிரையில் இருந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நாங்களும் சிரித்தோம், வாயைக் கொஞ்சம் மூடியபடி. பிறகு என் கொப்பியை வாங்கி, அடிமட்டம் வைக்காமல் வெறுங்கையால் ஒரு கோடு இழுத்து, மேலே 'பனங்கட்டி' என்று எழுதினார். கோடு பாம்பு மாதிரி வளைந்திருந்தது. என் கை அடிமட்டத்தைத் தேடியது. ஆனாலும் அதை நான் திருத்தவில்லை.

மிச்ச ஆறு கிழமையும் அந்தக் கோணல் பத்தியில் பூச்சியம் எழுதினேன். இந்தப் பூச்சியங்கள் உண்மையானவை. முதற் கிழமை தேநீர் வாய்க்குள் இறங்க மறுத்தது. அண்ணையின் மனைவி இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டுப் பார்த்தார். "மருந்து குடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று அண்ணை முணுமுணுத்தபடியே இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார். கதிரைக் கணக்கு பதினான்காகியது. காற்சட்டைக்கு இடுப்புப் பட்டியில் புது ஓட்டை போட்டேன்.

மூன்று மாதம் முடிந்த அன்று மனைவியும் கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

"ஏழு தசம் எட்டு. இன்னும் இறங்க வேணும். ஆனால் ஊசி இப்ப தேவையில்லை. செய்யிறதை விடாதேங்கோ."

நான் மூச்சு விட்டேன். மனைவியின் முகத்தில் சந்தோசத்தோடு ஏதோ ஒரு குறையும் தெரிந்தது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன, ஒரு மாதிரி நிக்கிறீர்?"

"இல்லை... கிளினிக் நேர்ஸிட்டைக் கேட்டுத் தோடம்பழத்திலை ஊசி குத்திப் பழகினனான். நல்லாய்க் கை வந்திட்டுது."

"எப்ப?"

"நீங்கள் வகுப்புக்குப் போற நேரங்களிலை. நோகாமல் போட வேணுமெண்டு."

வீட்டுக்கு வந்து குசினியில் பார்த்தேன். கூடையில் ஒரு தோடம்பழம், ஆரஞ்சுத் தோலெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி. தண்ணீர் ஏற்றியதால் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதை எறிந்துவிட்டு, குத்தாத ஒன்றை உரித்துச் சரிபாதியாகப் பிரித்தோம்.

கொப்பியை எடுத்தேன். காலை பத்து நாற்பது. தோடம்பழம், பாதி. சீனி, பூச்சியம். கோணல் பத்தியில், பூச்சியம்.