மூன்றடி ஏறிய கல்

ஓசியில் வரும் எதையும் நான் நம்புவதில்லை. எங்கள் குளத்துக்கு வந்த மென்பொருள் இலவசம் மட்டுமல்ல, அதன் உள்வேலையை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்றும் சொன்னார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. தனக்கொரு லாபமில்லாமல் யார் இப்படி மாய்ந்து மாய்ந்து உழைப்பார்கள்?

விசுவமடுப் பக்கத்தில் ஒரு குளத்துக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தராக அப்போது இருந்தேன். அந்த மென்பொருள் எங்கள் குளக்கட்டைக் கணினிக்குள் இன்னொன்றாகக் கட்டி வைத்திருந்தது. கட்டின் அடிவாரம் நெடுக எண் எழுதிய சிறு கொங்கிறீட் கற்களை நட்டோம். ஏழாம் கல் மட்டும் ஒரு வயலின் ஓரத்துக்குள் விழுந்தது. மாதமொருமுறை கல் கல்லாகப் போய், கருவியை வைத்து இடத்தைப் பதிந்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்க்காமல் அடுத்த கல்லுக்குப் போவேன். கல் நகர்ந்தால் கட்டு நகர்கிறது என்று அர்த்தம். கணினிக்குள் இருக்கும் கட்டு அந்த இடத்தில் சிவக்கும்.

ஆனி மாதம் ஏழாம் கல் சிவந்தது. மூன்றடி நகர்வு. வவுனியாவிலிருந்த மேலதிகாரி தன் திரையில் அதைக் கண்டு உடனே தொலைபேசி எடுத்தார்.

"கட்டு சரியுது போல. நாளைக்குக் காலமை துருசுக் கதவைத் திறந்து குளத்தை வத்த விடுங்கோ."

"சேர், சிறுபோக நெல்லு கதிர் வாற குடலைப் பருவத்தில நிக்குது. இப்ப தண்ணியை விட்டா ஒரு மணியும் மிஞ்சாது."

"கட்டு உடைஞ்சா சனமே மிஞ்சாது."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மென்பொருளைத் திறந்து, கணக்குப் போகும் வழியை வரிவரியாகப் பார்த்தேன். பிழை பிடித்தே தீருவது என்ற வீம்பு. ஒன்றும் அகப்படவில்லை. முன்பின் தெரியாத யாரோ, ஏன் இப்படிக் கணக்கிட்டோம் என்று இடத்துக்கிடம் குறிப்பெழுதி வைத்திருந்தார்கள். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகுதான் கல் நகர்ந்த திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கவனித்தேன். கல் வயல் பக்கம் இறங்கவில்லை, கட்டுப் பக்கம் ஏறியிருந்தது. சரிகிற மண் கீழேதான் வரும். மேட்டில் ஏறியதை நான் கண்டதில்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏழாம் கல் நேராக, சுற்றிவர மண் இறுக்கி, எண் வெளியே தெரிய, நாங்கள் நட்டதைவிட நேர்த்தியாக நின்றது. வயலின் சொந்தக்காரி, ஐம்பது வயதிருக்கும், வரம்பில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் நிமிரவில்லை.

"அக்கா, இந்தக் கல்லை ஆர் தள்ளி நட்டது?"

"மாடு இடிச்சிருக்கும், மிஸ்."

"மாடோ மண்ணையும் மிதிச்சு இறுக்கினது?"

அவர் சிரிக்கவில்லை. இந்தக் கல்லால் நாளை குளத்தையே வற்ற விடப்போகிறார்கள் என்று சொன்னதும் கையிலிருந்த புல் கீழே விழுந்தது.

"முந்தி எங்கட காணியிலயும் ஆரோ வந்து இப்பிடித்தான் நம்பர் போட்ட கல்லு நட்டவை. சும்மா அளக்கிறம் எண்டுதான் சொன்னவை. பிறகு கல்லுக்குக் கல்லு வேலி வந்தது. நாங்கள் வெளியில நிண்டம். இந்தக் காணிக்கு இன்னும் உறுதிப் பத்திரம் வரேல்லை, மிஸ். அதுதான் கல்லை என்ர வரம்புக்கு அங்கால வைச்சனான். பிடுங்கி எறிஞ்சா கேள்வி வருமெண்டு எறியேல்லை."

"இது கட்டுக்கு என்ன வருத்தம் எண்டு பாக்கிற கல்லு, அக்கா. காணிக்கும் இதுக்கும் ஒரு தொடர்புமில்லை."

"அப்ப, இதை வைச்சு என்ர காணியை எடுக்கமாட்டினம் எண்டு எழுதித் தாங்கோ."

பேனா கைப்பையில் இருந்தது. ஆனால் அந்த மென்பொருளைப் போலவே நான் பதிந்த அளவுகளெல்லாமும் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் கிடந்தன. யார் பார்ப்பார்கள், எதற்குப் பார்ப்பார்கள் என்று எனக்கே தெரியாது. பேனாவை வெளியே எடுக்கவில்லை.

அவர் என் கைப்பையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து வந்து கல்லைக் கிளப்பினார். மூன்றடி அளந்து தன் வயலுக்குள் தானே நட்டு, காலால் மிதித்து இறுக்கினார்.

"இப்ப திரும்ப அளவுங்கோ, மிஸ்," என்றார். "பயிருக்குத் தண்ணி வேணும்."