இப்போதைக்கு வேண்டாம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'இப்போதைக்கு'. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் மட்டும் அண்ணே என்பேன். எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர், பக்கத்து மேசைக்காரர். இப்போது நான் கண்காணிப்பாளர், பேச்சில் சூப்பிரண்டு. அவர் எனக்குக் கீழே உதவியாளர். அலுவலகத்துக்குள் என்னை சார் என்பார், டீக்கடைக்குப் போனால் தம்பி என்பார். சில நாள் நடுவாசலில் தடுமாறி 'தம்பி சார்' என்றும் விடுவார். போதாக்குறைக்கு, அவர் போட்ட பணிமூப்பு வழக்கில் நான் எதிர்மனுதாரர்களில் ஒருவன்.

வழக்குக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. பதவி உயர்வு முறைப்படி அவருக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் போட்ட இடம் கடைசி எல்லையில் ஒரு ஊர், ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டும். அந்தச் சமயம் பார்த்து அவருடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அண்ணிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கனமாக எதையும் தூக்கக்கூடாது. பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க, புரட்டிப் படுக்க வைக்க, குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் இவர் ஒருவர்தான்.

பதவி உயர்வு வேண்டாம் என்பவர்கள் விதிப்படி 'தற்காலிகமாகத் துறக்கிறேன்' என்றோ 'நிரந்தரமாகத் துறக்கிறேன்' என்றோ எழுதவேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் பிசிறில்லாமல் மனு எழுதிக் கொடுக்கும் மனிதர், தன் மனுவில் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று எழுதிவிட்டார். வீட்டில் பேசிய வார்த்தை அப்படியே பேனாவுக்கு வந்துவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது வினை. அது தற்காலிகமா நிரந்தரமா என்று தலைமை அலுவலகத்துக்குப் புரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் யாருக்கும் சோம்பல். ஒவ்வொரு பதவி உயர்வுப் பட்டியலிலும் அவரைத் தாண்டிப் போனார்கள். இவரும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் சரியாகட்டும் என்று இருந்துவிட்டார். பின்னால் வந்த நாங்கள் ஒவ்வொருவராக ஏறிப்போனோம். என் முறை வந்தபோது நான் மட்டும் என்ன, வேண்டாம் என்றா சொல்வேன்? சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

ஓய்வு நெருங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைக்க வைத்தவர் அப்பா. படுத்தபடியே தினமும், "என்னடா, சூப்பிரண்டு ஆயிட்டியா?" என்று கேட்பாராம்.

"அவர் கண்ண மூடறதுக்குள்ள, ஆயிட்டேன்ப்பான்னு ஒரு தடவை சொல்லிடணும் தம்பி. எனக்கு வேற ஆசை இல்ல," என்று டீக்கடையில் சொன்னார். அடுத்த வாரமே வழக்குப் போட்டுவிட்டார். தபால் அவர் பொறுப்பு என்பதால் நோட்டீஸை என் மேசைக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

"சார், உங்க மேல ஒரு கேஸ் வந்திருக்கு. வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

"யாருண்ணே போட்டது?"

"நான்தான்."

வாய்தாவுக்கு இரண்டு பேரும் என் ஸ்கூட்டரில்தான் போவோம். எதிர்மனுதாரர் ஓட்ட, மனுதாரர் பின்னால் உட்கார்ந்து வருவதைப் பார்த்து அவருடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கே என் மனசு பிடிபடவில்லை. அவர் ஜெயித்தால் என் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் காலையில் பல் விளக்கும்போது, ஆகிவிடுமோ என்று பகீரென்று இருக்கும். அவர் ஜெயிக்கவேண்டும் என்று நினைத்தேனா தோற்கவேண்டும் என்றா, இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்லமுடியாது.

கோர்ட்டில் வாதமெல்லாம் அந்த வார்த்தையைச் சுற்றியே நடந்தது. இப்போதைக்கு என்றால் ஒரு வருடம், தற்காலிகத் துறப்புக்கு விதியில் உள்ள கெடு அதுதான் என்றார் அண்ணனின் வக்கீல். அப்படியானால் அந்த வருடம் முடிந்ததும் இவர் ஏன் கேட்கவில்லை என்றார் அரசு வக்கீல். கடைசியில் நீதிபதி அண்ணனையே கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க. இப்போதைக்குன்னு எழுதினப்ப, எதுவரைக்கும்னு நினைச்சீங்க?"

அண்ணன் எழுந்தார். "அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அப்புறம், "தெரியல ஐயா," என்றார். அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அப்பாவுக்குச் சரியாகும் வரை என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அவருக்குச் சரியாகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை. பிறகு மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை எந்த மகன் நாலு பேர் முன்னால் சொல்வான்?

நீதிபதி நல்ல மனுஷர். வார்த்தை தெளிவாக இல்லையென்றால் விளக்கம் கேட்டிருக்க வேண்டியது அலுவலகம், அந்தத் தவறுக்கு ஊழியரைத் தண்டிக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணனுக்குப் பணிமூப்பு திரும்பக் கிடைத்தது. ஏற்கெனவே ஏறியவர்களை இறக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பின் சீட்டிலிருந்து கேட்டார். "தம்பி, நாம ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டோமா?"

"அப்படித்தான் தெரியுதுண்ணே."

"அப்ப தோத்தது யாரு?"

டீக்கடை வந்ததும் வண்டியை நிறுத்தினேன்.

கொஞ்ச நாளில் பதவி உயர்வு உத்தரவு வந்தது. காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போடுவார்கள். காலியாக இருந்தது அதே கடைசி எல்லை ஊர். யாரும் விரும்பிப் போகாததால் அது எப்போதும் காலிதான். போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் எழுதிக் கொடுக்கவேண்டும். அதை வாங்கி மேலே அனுப்பவேண்டியவன் நான்.

ஆபீசில் வைத்துக் கேட்க மனம் வராமல் சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனேன். அப்பாவைத் தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் தலையணை சொருகிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாளும் பேனாவும் கட்டிலில் கிடந்தன.

"சார், என்ன எழுதறது?" என்றார். வீட்டில் அவர் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை.

"தற்காலிகமா வேண்டாம்னு எழுதுங்கண்ணே. ஒரு வருஷம் கணக்கு."

"அதுக்குள்ள ரிட்டையர் ஆயிடுவேன். அப்புறம் அது எப்படித் தற்காலிகம்?"

"அப்ப நிரந்தரமா."

"அதுக்கு எதுக்குக் கேஸ் போட்டேன்?"

போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்றால், அந்தத் தலையணைகளைப் பார்த்த பிறகு நாக்கு எழவில்லை. அவர் தாளை எடுத்துப் பழக்க தோஷத்தில் 'இப்போ' என்று தொடங்கினார். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"அண்ணே, புண்ணியமாப் போகும். அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்."

பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். "சூப்பிரண்டு ஆயாச்சுல்ல?" என்றார்.

"ஆர்டர் வந்திருக்குப்பா. இன்னும் ஆகல."

"எந்த ஊரு?"

மகன் சொன்னார்.

"அன்னைக்கும் அதே ஊர்தானே போட்டாங்க," என்றார் பெரியவர்.

மகன் தனக்காகத்தான் அதை விட்டான் என்று இவ்வளவு காலமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் ஒரு கையால் தாளைக் காட்டினார். பிறகு, "நான் இருக்கற வரைக்கும் வேண்டாம்னு எழுதுடா. அதுல யாருக்கும் குழப்பம் வராது," என்றார்.

கோர்ட்டில் மகன் விழுங்கிய வார்த்தை அது.

"அப்படி எழுதலாமா சார்?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். அப்படி ஒரு வகையே விதியில் கிடையாது. எந்தப் பிரிவின் கீழ் அனுப்புவது என்று எனக்கும் தெரியாது. ஆனாலும், "எழுதுங்கண்ணே, நான் வாங்கிக்கறேன்," என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, சரிந்திருந்த தலையணையை அப்பாவின் தோளுக்கடியில் மறுபடி சொருகினார்.

"என்னடா, எழுதலையா?" என்றார் பெரியவர்.

"எழுதறேன்ப்பா. இப்போதைக்கு வேண்டாம்."

இந்தத் தடவை அந்த வார்த்தையை நான் தடுக்கவில்லை.