தவிட்டுக்கு வாங்கிய அநாதை

சினிமாவுக்கு அநாதைகள் பிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கண்டியைச் சுற்றி எந்த மலையில் யார் கெமராவை இறக்கினாலும், கதையில் ஓர் அநாதை இல்லம் இருந்துவிட்டால் குண்டசாலையில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும். "ஐயா, அவசரமா ஒரு முப்பது அநாதை தேவை" என்பார்கள், கடையில் முட்டை கேட்பதுபோல. நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய், தாய், தகப்பன், சித்தி, மாமன் என்று ஒரு பஸ் நிறைய உறவோடு இருக்கும் பிள்ளைகளாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து, அநாதைகளாக இறக்கிவிடுவேன். தாடி இருப்பதால், கூடவே எனக்கும் ஏதாவது ஒரு வேஷம் விழும்.

அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாய் பிள்ளையைக் கேட்டடியில் விட்டுவிட்டு நடப்பாள், மழை கொட்டும், வயலின் அழும், பக்கத்து ஸீட்டில் இருக்கும் உங்கள் கல்நெஞ்சக்கார மைத்துனர்கூட கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுப்பார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி அழுத நமக்கு, கெமராவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது வேண்டாமா? நான் கடைசியாக வேலை செய்த படத்தின் கதையைச் சொல்கிறேன். இதில் பாதி பொய். எந்தப் பாதி என்று கேட்கக்கூடாது.

பவுடர் போட்ட அநாதைகள்

மடுல்கெல்லைக்கு மேலே ஆளில்லாமல் கிடந்த ஒரு துரை பங்களாதான் எங்கள் அநாதை இல்லம். டைரக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, பிறந்து வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தையில். நல்ல மனுஷன். கைவிடப்பட்ட குழந்தையின் வலியை உலகத்துக்குக் காட்டுவேன் என்று சபதம் எடுத்து வந்திருந்தார். அவருடைய அம்மாவோ மூன்று வேளையும் போன் எடுத்து, மகன் சாப்பிட்டானா என்று விசாரிக்காமல் தான் சாப்பிடாதவர்.

முதல் நாள் என் அநாதைகள் வந்து இறங்கியதைப் பார்த்ததும் டைரக்டர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். அத்தனை பேரும் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, ரிபன் கட்டி, தீபாவளிச் சட்டை போட்டு, கழுத்துவரை பவுடரோடு நின்றார்கள். மேக்கப் பையன் சேற்றைக் குழைத்து ஒவ்வொரு முகமாகப் பூசிக்கொண்டு போனான். பின்னாலேயே தாய்மார் சேலைத் தலைப்பை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவன் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பிள்ளை மறுபடி பளபளவென்று நின்றது.

அந்தத் தாய்மாரில் சரோஜாவைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டு, அடுத்த மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகக் காத்திருப்பவள். புருஷன் கொழும்புக் கடையொன்றில் நிற்கிறான், தீபாவளிக்குத்தான் முகம் தெரியும். ஆறு வயது மகள் கௌசியை அக்காவிடம் விட்டுப்போவதாக ஏற்பாடு. எல்லாம் சரி, கௌசியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று ஆட்டோவில் வரும்போது என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று அந்த மேக்கப் பையனின் கையைப் பிடித்து நிறுத்தியவளும் அவள்தான். "அநாதைப் புள்ளைன்னா குளிக்கக் கூடாதுன்னு எந்த ஊரு சட்டம் தம்பி?"

யானை

நான் உண்மையிலேயே ஒரு இல்லத்தில் வளர்ந்தவன் என்று யாரோ டைரக்டரின் காதில் போட்டுவிட்டார்கள். தேத்தண்ணி நேரத்தில் கதிரையை இழுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, கேட்கத் தெரிந்தவர். நானும் குறை வைக்கவில்லை. பெரஹரா கூட்டத்தில் என்னை ஒரு கூடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றும், ஊர்வலத்து யானையொன்று கூடையைத் தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு போய் இல்லத்துச் சாமியார் கையில் கொடுத்தது என்றும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினார். அந்த யானை பிறகு வருஷா வருஷம் என்னைப் பார்க்க வந்தது என்றேன். அதையும் எழுதினார்.

மறுநாள் எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. உள்ளதைச் சொன்னேன். மழை இல்லை, நல்ல வெயில். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய், இவன் பாயை நனைப்பான், பூசணிக்காய் சாப்பிடமாட்டான் என்று மேட்ரனிடம் நிதானமாகச் சொன்னாள். என் கையில் முதலைபோல் சுட்டுச் சீனி தூவிய ஒரு கிம்புலா பனிஸைக் கொடுத்தாள். நான் வால் பக்கத்திலிருந்து கடித்துக்கொண்டு வந்தேன். தலை முடிந்து நிமிர்ந்தபோது அம்மா இல்லை. அவ்வளவுதான் கதை.

டைரக்டர் பேனையை மூடிவிட்டார். "குறை நினைக்காதேங்கோ ஐயா, இதில உணர்ச்சி காணாது. யானையே இருக்கட்டும்."

பசிக் காட்சி

பிள்ளைகள் பசியோடு தட்டேந்தி நிற்க வேண்டும், தண்ணீராய் ஒரு கஞ்சி ஊற்றப்பட வேண்டும், அதைப் பார்த்து நாடே தலைகுனிய வேண்டும். இதுதான் காட்சி. சமையலுக்கு வந்திருந்தவர் தெல்தெனிய பக்கத்து ராசிக் நானா. அன்று மத்தியானம் அவர் போட்ட கோழிக்கறிச் சோற்றைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் பசியை எங்கே தேடுவார்கள்? ஏப்பம்தான் வந்தது. டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, காட்சியை மறுநாள் காலைக்கு மாற்றினார்.

மறுநாள் கஞ்சி வந்தது. ஒரு வாய் குடித்ததும் முன்வரிசை அநாதைகள் தட்டை நக்கிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். கௌசி மூன்றாந்தரமும் வந்து நின்று, கெமராவைப் பார்த்துச் சிரித்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். தேங்காய்ப்பால், இஞ்சி, ரம்பை இலை, பிய்த்துப்போட்ட கோழி. நோன்புக் கஞ்சியை நானா அப்படியே காய்ச்சி வைத்திருந்தார். தண்ணீர் விட்டு இளக்கச் சொல்லி டைரக்டர் கெஞ்சினார். நானா அகப்பையைக் கீழே வைக்கவேயில்லை. "வாப்பா, யத்தீம் புள்ளைகளுக்கு ஊத்துற கஞ்சி இது. பொய்க்கு அநாதையா நின்டாலும், தண்ணியக் கூட்டினா நாளைக்கு மேல போனா அல்லாஹ்கிட்ட நான் என்ன பதில் செல்ற?"

இரண்டு மழை

தாய் பிள்ளையை விட்டுப்போகும் காட்சிக்கு மழை வேண்டுமே. மடுல்கெல்லையில் மழைக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். அன்று பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் பவுசர் லொறி ஒன்றை வளைவு வளைவாக மலையேற்றினார்கள். அது பங்களா வாசலில் வந்து நின்று குழாயைத் தூக்கியதுதான் தாமதம், நிஜ மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம். டைரக்டருக்கோ முகம் கறுத்துவிட்டது. நிஜ மழை கெமராவில் மழைபோல் தெரியாதாம். அது விடட்டும், பிறகு நம் மழையைப் பெய்யலாம் என்று எல்லாரையும் குடைக்குள் உட்காரவைத்தார். பவுசர் ஓட்டி வந்த சிங்கள மனுஷனுக்கு இது விளங்கவேயில்லை. குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நனைந்தபடி என்னிடம் வந்தார். "மாத்தயா, இப்ப நான் நிப்பாட்றதா, மேல இருக்கிறவரு நிப்பாட்றதா?"

தாய் வேஷம்

மழை ஆயத்தம், தாயைக் காணோம். அந்த வேஷத்துக்குப் பேசியிருந்த நடிகை வேறொரு நாடகத்துக்குப் போய்விட்டார். டைரக்டரின் பார்வை கூட்டத்தில் சுற்றிச் சரோஜாவில் வந்து நின்றது. அழவைக்கத் தோதாகக் கௌசியும் பக்கத்தில் நின்றாள். சொந்தத் தாயும் பிள்ளையும், இதைவிட என்ன வேண்டும்? சரோஜா மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்தாள். உனக்கு ஏனம்மா இந்த வேலை என்று தனியே கேட்டேன். "விட்டுட்டுப் போறது எப்படி இருக்கும்னு ஒருக்கா நடந்து பாத்துக்கிறேனே தாத்தா."

தவிடு

ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். மேட்ரன் வேஷக்கார அம்மாவிடம் அவள் சொல்ல வேண்டிய வசனம், "இவள வச்சுக்குங்க, இனிமே உங்க புள்ள." அதைச் சும்மா சொல்லமுடியாதாம்.

விஷயம் இதுதான். கௌசிக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்து ஒன்று பிறந்தால், அதை அடுத்த லயத்துக்காரி கையில் 'உன் பிள்ளை' என்று கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டை விலையாகக் கொடுத்து வாங்கிக்கொள்வது நம் ஆட்களின் வழக்கம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால் எந்தக் கண்ணும் திரும்பிப் பார்க்காதாம். கௌசி அப்படி வாங்கப்பட்டவள். வாங்கிய பிள்ளையை மறுபடி வாயால் தாரை வார்த்தால், மறுபடி தவிடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். நடிப்போ நிஜமோ, வாயில் வந்த சொல் சொல்தானே என்றாள்.

தெல்தெனியவில் மாட்டுத் தீவனக் கடையிலிருந்து ஒரு பை தவிடு வந்தது. கட் சொன்னதும் சரோஜா ஓடிவந்து ஒரு பிடி அள்ளி மேட்ரன் கையில் கொட்டுவாள். மேட்ரன் "தவிட்டுக்குக் கொடுத்தாச்சு" என்று சொல்லிப் பிள்ளையை விடவேண்டும். காட்சி சரியாக வரவில்லை, திரும்பத் திரும்ப எடுத்தார்கள், திரும்பத் திரும்பத் தவிடு. மேட்ரன் அம்மா சிவப்பு நகப்பூச்சில் ஒட்டியதை ஊதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "எத்தனையோ படம் பண்ணிட்டேன், மாட்டுத் தீனியில சம்பளம் வாங்குறது இதான் முதல் தடவை."

ஒளித்த பை

காட்சி ஏன் சரியாக வரவில்லை? கௌசி அழவில்லை. அம்மா வளைவு வரை போவாள், பிறகு ஓடிவந்து தவிடு கொடுப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த மழையிலும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தவிட்டுப் பை இருக்கும் பக்கமே சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கேட் காவலாளி வேஷத்தில் பக்கத்தில் நின்றவன் நான்தான். டைரக்டர் சொல்லிப் பார்த்தார், கிள்ளச் சொன்னார், நான் கிள்ளவில்லை. கடைசியில் யாருக்கும் சொல்லாமல் ஓர் உதவியாளரை விட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய் மறைக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த தடவை சரோஜா வசனத்தைச் சொல்லிவிட்டு நடந்தாள். கௌசி பை இருந்த இடத்தைப் பார்த்தாள். பை இல்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா வளைவில் மறைந்துகொண்டிருந்தாள். அதன்பிறகு அந்தப் பிள்ளை வைத்த ஓலத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. டைரக்டர் கட் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள், மேட்ரன் அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. சரோஜா ஓடிவந்து தவிட்டைத் தேடினாள். ஒளித்த இடம் பங்களாவுக்குப் பின்னால் யாரோ மாடு கட்டும் கொட்டிலாம். மாடு பையோடு சேர்த்துத் தின்றுவிட்டதாம்.

பரவாயில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொள் என்றார் டைரக்டர். சரோஜா கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே கௌசி கம்பிகளுக்கிடையால் கையை நீட்டி அலறுகிறாள். தாய்க்கும் கண்ணீர் தாரையாக ஓடுகிறது. ஆனால் கேட்டைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. கைவிடப்பட்ட குழந்தையைப் படமெடுக்க வந்த மனுஷன், கையில் நிஜமாகவே ஒன்றை வைத்துக்கொண்டு முழித்தார். சரோஜா அவரைத்தான் கேட்டாள். "யாரு புள்ளைங்க அது? உங்க இல்லத்துப் புள்ள. வாயால வாங்கிட்டு, வெலைய ஒளிச்சு வச்சிட்டு, சும்மா தூக்கிட்டுப் போன்னா நா எப்படிங்க தூக்குறது?"

அம்மாவின் போன்

தெல்தெனியவுக்குப் போய்வர நேரம் போதாது. கீழே லயத்தில் மாடு வளர்க்கும் வீடொன்று உண்டு என்றேன். டைரக்டர் தன் போனை என் கையில் திணித்துவிட்டு, வெள்ளைச் சப்பாத்தோடு தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்தும் உருண்டும் இறங்கினார். அட்டைகள் அவரை ஊர்வலமாகப் பின்தொடர்ந்தன என்றால் நம்புங்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவருடைய அம்மா. மகன் எங்கே என்று கேட்டார். தவிடு தேடிப் போயிருக்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் அம்மா பதறிவிட்டார். "தவிடோ? ஐயோ, என்ர பிள்ளை மத்தியானம் சாப்பிடேல்லையோ?"

முடிச்சு

டைரக்டரின் தொப்பி நிறையத் தவிடு வந்து சேர்ந்தது. சரோஜா இரண்டு கையாலும் அள்ளி மேட்ரன் கையில் கொட்டினாள். மேட்ரன் அம்மா இந்தத் தடவை நகத்தைப் பார்க்காமல், சொல்லவேண்டியதைச் சத்தமாகச் சொன்னார். கௌசி கேட்டைத் தாண்டி ஓடிவந்து, முதலில் தாயை அடித்தாள், பிறகுதான் கட்டிக்கொண்டாள். அங்கேயே ஈரப்படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, குவைத்துக்குப் போவதைச் சரோஜா சொன்னாள். அக்காவிடம் விட்டுப்போவதையும் சொன்னாள். கெமராவை மூடி வைத்திருந்தார்கள். கௌசி அழவில்லை, தொப்பியைத்தான் பார்த்தாள். அதன் அடியில் இன்னும் கொஞ்சம் தவிடு மிச்சமிருந்தது. சரோஜா அதை வழித்தெடுத்துச் சேலை முந்தானையில் முடிந்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கௌசி தூங்கிவிட்டாள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாதே. நீ திரும்பி வந்து பிள்ளையை அக்காவிடமிருந்து வாங்கும் அன்றைக்கு இங்கே எந்த லயத்தில் கேட்டாலும் ஒரு பிடி தவிடு தரமாட்டார்களா, இதைக் கட்டிக்கொண்டு குவைத்துவரை போவாயா, அங்கே ஒட்டகமெல்லாம் தவிடுதான் தின்கிறது என்று என் வழக்கத்தில் எடுத்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். "இங்க வச்சிட்டுப் போனா மாடு தின்னுடும் தாத்தா. இது எங்கூடவே இருக்கட்டும்."

படம் வந்துவிட்டது, போய்ப் பாருங்கள்: மழை இருக்கிறது, வயலின் இருக்கிறது, என் தாடி இருக்கிறது, யானைகூட இருக்கிறது, தவிட்டை மட்டும் கதைக்கு ஒட்டவில்லை என்று வெட்டிவிட்டார்கள்.