அக்காவுக்கு நாங்கள் போட்ட மதிப்பெண்

2009-ல் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். மூன்றாவது கீமோவுக்காகக் கடலூர் செம்மண்டலத்திலிருந்து நானும் அக்கா வீட்டுக்காரரான மாமாவும் அவளை பஸ்ஸில் அழைத்துப் போயிருந்தோம். அறையில் காத்திருந்தபோது, ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி தாள்களோடு வந்தாள். புற்றுநோய் வந்தவர்கள் தங்களுக்கு நெருக்கமானவர்கள் மேல் எவ்வளவு சாய்கிறார்கள், எவ்வளவு ஒதுங்குகிறார்கள் என்று அளக்கிறாளாம். அவள் ஒரு வாக்கியம் படிப்பாள். நோயாளி ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் 'இல்லவே இல்லை', ஏழு என்றால் 'ரொம்ப சரி'.

"நெருங்கியவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்களோ என்று பயப்படுகிறேன்" என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்றது. உடம்பு முடியாதவளிடம் கேட்கிற கேள்வியா இது?

மாமா முந்திக்கொண்டார். "ஒன்னு போடும்மா. நாங்கல்லாம் இருக்கும்போது அவளுக்கு இன்னா பயம்?"

"மனதில் இருப்பதைச் சொல்லத் தயங்குவேன்" என்ற வாக்கியத்துக்கு, "எங்க அக்கா எதையும் மறைக்காதுங்க, அதுக்கும் ஒன்னு" என்றேன் நான். அந்தப் பெண்ணும் நாங்கள் சொன்ன எண்களைச் சுழித்துக்கொண்டே போனாள். அரைப் பக்கம் நிரம்பிவிட்டது.

அக்கா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "கட்டி மாருலதான் வந்துது. வாய்ல இல்ல."

மாமா சிரித்துச் சமாளித்தார். "மச்சான், உங்க அக்கா கோவத்த பாரு."

"டாக்டர்கிட்ட எனக்கு வலி இல்லன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டு இட்லி போதும்னு தம்பி சொல்றான். இந்தப் பொண்ணுதான் மொதமொதல்ல என்னைக் கேக்க வந்துது. அதுவும் உங்க மூஞ்சியத்தான் பாக்குது. போங்க, ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க."

அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

முக்கால் மணி நேரம் வராந்தாவில் நின்றோம். கதவுக் கண்ணாடி வழியே அக்கா பேசிக்கொண்டே இருப்பது தெரிந்தது. அவ்வளவு பேசி நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. முதல் வாக்கியத்துக்கு என்ன எண் சொன்னாள் என்று மாமா பிறகு கேட்டார். அவள் சொல்லவில்லை. இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்தப் பெண் மேல்தான் எரிச்சல்பட்டேன். இப்போது நினைத்தால் எங்கள் மேலேயே ஆத்திரமாக வருகிறது. பாசம் என்று சொல்லிக்கொண்டு, உயிரோடு இருக்கிறவளை ஊமையாக்கி வைத்திருந்தோமே, அதையும் பெருமையாகச் செய்தோமே! இன்றும் செக்கப்பில் டாக்டர் அவளிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், பதில் சொல்ல என் வாய்தான் முதலில் திறக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக்கொள்கிறேன்.