‘குணமாக்காது’ என்று எழுதி வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குள்ளஞ்சாவடியிலிருந்து ரெஜினா அக்காவின் தம்பி அழைத்தார். “அக்கா தவறிட்டாங்கண்ணே. நாலு மணிக்கு அடக்கம்” என்றார். சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாகப் படுக்கையில் இருந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் துடைத்த சட்டத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் ஒரே கடையை இரண்டாகத் தடுத்து ஏழு வருடம் தொழில் செய்தோம். இடப்பக்கம் என் மூக்குக்கண்ணாடி, வலப்பக்கம் அவருடைய காது கேட்கும் கருவி. அவரிடம் வாங்கியவர்களும் வாங்காமல் திரும்பியவர்களும் இன்னும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கருவி அனுப்பிய நிறுவனமே பெயர்ப்பலகையும் கொடுத்திருந்தது. சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம், அதன் கீழே ‘ஒலியோடு வாழ்க்கை’. முதல் மாதம் ஒருவர் வந்து கல்யாணத்துக்கு மைக் செட் வாடகைக்குக் கிடைக்குமா என்றார். இன்னொருவர் பாடாத ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தெருவில் இறங்கி நின்று பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார்.

“காதுன்ற வார்த்தையே அதுல இல்ல சண்முகம். யாருக்காகக் கட வச்சிக்கினு உக்காந்திருக்கமோ, அவுங்களுக்கே புரியல.”

மறுவாரம் புதுப் பலகை ஏறியது. ‘காது மந்தமானவர்களுக்குக் கருவி. கேட்க உதவும். காதைக் குணமாக்காது.’ நிறுவனத்தின் மேலாளர் நேரில் வந்து கடைசி வரியை அழிக்கச் சொன்னார். விற்கிற இடத்தில் ‘ஆகாது’ என்ற பேச்சே கூடாது என்பது அவர் கட்சி. குணமாகும் என்று நம்பி வாங்குகிறவர் பத்தாம் நாளே கருவியைப் பீரோவில் போட்டுவிடுவார் என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். அழிக்க மறுத்துவிட்டார்.

பலகை எல்லாருக்கும் புரிந்தது. அதுவே வினையாயிற்று. ‘காது’ என்று கொட்டை எழுத்தில் போட்ட கடைக்குள் நுழைவதைத் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் என் பக்கம் நின்று, வேண்டாத சட்டங்களை மாட்டிப் பார்த்தபடி, கண்ணை அவர் பக்கம் வைத்திருப்பார்கள். கூச்சம் விட்டுக் கேட்கும் வயது வருவதற்குள் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சொந்த ஊர் போய்விடுவார்கள்.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு தாய், பிறவியிலேயே காது கேளாத மூன்று வயது மகளைத் தூக்கி வந்தார். அக்கா அரை மணி நேரம் பேசினார். முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், கருவி போட்டாலும் பேச்சு தானாக வராது, தினமும் பழக்க வேண்டும், நாளைக் கடத்தாதீர்கள் என்றார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசலில் நின்று கணவருக்குப் போன் செய்தார்.

“இங்க முடியாதுன்னுட்டாங்க.”

அது என் காதில் விழுந்தது. அப்படிச் சொல்லவில்லையே அம்மா என்று நான் அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். எதிரே ஒருவர் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன். டீ குடிக்கும்போதுதான் அக்காவிடம் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பஸ் போய்விட்டிருந்தது.

மூன்று வருடம் கழித்து அந்தத் தாய் மகளோடு மறுபடி வந்தார். ‘மூன்றே மாதத்தில் பேச்சு’ என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பி வேறெங்கோ வாங்கிய கருவி குழந்தையின் காதில் இருந்தது. பேச்சு ஒன்றும் வரவில்லை. “நீங்கதான் முடியாதுன்னுட்டீங்களேக்கா” என்றார். அக்கா இந்த முறை தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பார்ப்போம், ஆனால் பேச்சு பழக நல்ல வயது கடந்துவிட்டது என்றார்கள் அங்கே.

“நான் தெளிவாத்தான் சொன்னேன்” என்றார் திரும்பி வந்து. “ஆனா போய்ச் சேரலியே. சேராதத, சொன்னேன்னு எப்பிடிச் சொல்லிக்கிறது?” என் மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம்.

அதன் பிறகு வருகிற ஒவ்வொருவரிடமும், பேசி முடித்ததும், “நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒரு வாட்டி சொல்லுங்க” என்று கேட்க ஆரம்பித்தார். பலருக்கு அது பிடிக்கவில்லை. எங்களுக்குப் பரீட்சை வைக்கிறீர்களா என்று எழுந்து போனவர்கள் உண்டு. வந்துகொண்டிருந்த சிலரும் குறைந்தார்கள். நிறுவனம் கருவி அனுப்புவதை நிறுத்தியது. உடம்பும் விழுந்தது. அவர் பக்கத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். அடக்கத்துக்கு மறுநாள் திருவதிகையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கண்ணில் புரை இருக்கிறது, கண்ணாடியால் பயனில்லை, ஆபரேஷன்தான் வழி என்று சொல்லிவிட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். “நல்ல கண்ணாடியாப் போட்டா சரியாப் பூடும்னீங்க” என்றார். மறுபடி சொன்னேன். நாலாவது முறையும் அதையே சொன்னார். ஐந்தாவது முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா கேட்டிருப்பார்.