ஆறு வருடம் நான் சும்மா இருந்தேனாம்!

சகோதரிகளே, இதை எழுத உட்காரும் இந்த நேரத்திலும் என் கோபம் முழுதாக அடங்கவில்லை. என் இறைவன், என் ரப்பு, எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நடந்த அநியாயத்தைச் சொல்லாமல் விட்டால் அந்த உதவியின் அருமை உங்களுக்கு விளங்காது.

நான் கோயம்புத்தூர் உக்கடத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிசியோதெரபி படித்த கையோடு கல்யாணம் ஆனது. கணவருக்குத் தராசு ரிப்பேர் செய்யும் கடை. எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான சில மாதங்களிலேயே மாமிக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆறு வருடம் நான்தான் பார்த்தேன். குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றினேன். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தேன். படித்ததையெல்லாம் அந்த உடம்பில் செய்து பார்த்தேன். மூன்றாம் வருடம் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடந்தார். அன்று வீடே அழுதது. போன வருடம் மவுத்தாகி எங்களை விட்டுப் போனார்.

அதன் பிறகுதான் மேலே படிக்கும் ஆசை வந்தது. பக்கவாதம் வந்தவர்களை மீண்டும் நடமாட வைப்பதற்கென்றே அயர்லாந்தில் ஒரு வருடப் படிப்பு இருந்தது. "போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர். காந்திபுரத்தில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தோம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விசாவுக்காக என் பாஸ்போர்ட்டும் அசல் சான்றிதழ்களும் அவர்களிடம் இருந்தன. வெள்ளிக்கிழமை விசா மையத்தில் ஃபைலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தொழுகையிலும் ஒரே துஆதான் கேட்டேன். யா அல்லாஹ், இந்தக் காரியத்தில் எனக்குத் தெரியாத தீங்கு ஏதாவது இருந்தால் காட்டிக்கொடு.

புதன்கிழமை ஏஜென்சியில் பிரிண்டர் கெட்டுப்போனது. ஃபைலை என் போனுக்கு அனுப்பி, வெளியே பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார்கள். பக்கத்து வீதி ஜெராக்ஸ் கடைக்காரர் தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்கக்கா, நீங்க ஈரோட்டுல வேலை பாத்தீங்களா? இதுல போட்டிருக்கற வீதியிலதானுங்க எங்க மாமனார் ஊடு. அங்க இப்பிடியொரு ஆஸ்பத்திரியே இல்லீங்களே!"

வாங்கிப் பார்த்தேன். ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் நான் ஆறு வருடம் வேலை செய்ததாகச் சான்றிதழ். முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. மருத்துவமனைதான் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நகலும் அதே ஃபைலில் இருந்தது. அதிலும் இதே பொய்.

நேராக ஏஜென்சி முதலாளியிடம் போனேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"எல்லாரும் பண்றதுதானுங்க மேடம். ஆறு வருச கேப் இருந்தா விசா ரிஜெக்ட் ஆயிரும்."

"படுக்கையில கெடந்தவங்களப் பாத்தது கேப்புங்களா?"

"ஊட்டுல சும்மா இருந்ததையெல்லாம் எழுத முடியாதுங்க."

சும்மா! சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உச்சந்தலை எரிந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் அந்தக் கட்டிலருகே நின்றிருப்பாரா? பாஸ்போர்ட்டைக் கேட்டேன். ஒரு தாளை நீட்டினார். ஃபைலில் உள்ள எல்லாக் காகிதங்களையும் நானே கொண்டுவந்து கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்போர்ட் கிடைக்குமாம். பொய்யைச் செய்தது அவர், மாட்ட வேண்டியது நான்! போட மாட்டேன் என்றேன். "அப்ப யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாங்க" என்று எழுந்து போய்விட்டார்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வீட்டில் சொன்னதும் கணவரின் முகம் சிவந்தது. "போலி முத்திரை குத்துன தராசை நான் கடையில வெப்பனா? விசாவே வராட்டியும் சரி, அந்தக் காயிதம் உம் பேருல போகக் கூடாது" என்றார். ஆனால் பாஸ்போர்ட்டை எப்படி வாங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை.

மாலை அஸர் தொழுகை தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவில் அன்று அடக்கமாகக் கேட்க எனக்கு வரவில்லை. "யா அல்லாஹ், அந்த ஆறு வருடமும் நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அந்த முதலாளி சும்மா என்கிறான். நீ சொல், சும்மாவா? என் பாஸ்போர்ட் என் கைக்கு வர வேண்டும். பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இனி உன் பொறுப்பு." இப்படித்தான் கேட்டேன். மரியாதைக் குறைவென்று நினைத்தால் மன்னியுங்கள். அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று நம்புகிறேன்.

மறுநாள் காலை நானும் கணவரும் ஏஜென்சி திறக்கும் நேரத்துக்கே அங்கே போய் நின்றோம். முதலாளி வந்திருக்கவில்லை. முன் மேஜையில் கல்பனா என்ற பெண் இருந்தார். அதுவரை என்னிடம் நிமிர்ந்துகூடப் பேசாதவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். வந்தபோது கையில் என் பாஸ்போர்ட், சான்றிதழ்கள், எல்லாமே.

"இந்தாங்கக்கா. சரி பாத்துக்கங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாங்க."

"உங்க முதலாளி கேட்டா?"

"கேக்கட்டுமுங்க. அந்தச் சர்டிபிகேட்ட நான்தான் டைப் பண்ணுனேன். நீங்க நேத்துக் கேட்டது காதுல உழுந்துச்சு. எங்கம்மாவும் நாலு வருசமாப் படுக்கையிலதானுங்க இருக்கறாங்க. ராத்திரி பூரா எனக்கு மனசே சரியில்லை."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துஆவுக்குப் பதில் எந்த வாசல் வழியாக வரும் என்று யாரால் சொல்ல முடியும்? யார் அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தாரோ, அவர் கையாலேயே என் உண்மையை அல்லாஹ் எனக்குத் திருப்பிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்தோம். நானே உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். என் பெயரில் வந்த அனுபவச் சான்றிதழ் பொய், அது எனக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டது, அந்த ஆறு வருடம் நான் செய்தது இதுதான் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். "கைக்கு வந்த சீட்டை நீயே கெடுத்துக்கறயே" என்று உறவில் ஏசாதவர் இல்லை. இரண்டு வாரம் பதிலே இல்லை. பிறகு, வீடியோவில் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தது. பேராசிரியை ஒருவர், நான் மாமிக்குச் செய்த பயிற்சிகளை மட்டும் முக்கால் மணி நேரம் கேட்டார். முடிவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்கள் இடம் உங்களுக்கே."

விசாவுக்கும் அந்த உண்மையையே எழுதி, நானே விண்ணப்பித்தேன். வகுப்பு தொடங்க ஆறு நாள் இருக்கும்போது விசா வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! கல்பனா அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு மருத்துவமனையில் பில் போடுகிறார். அவர் அம்மாவுக்கான பயிற்சிகளை நான் இங்கே அயர்லாந்திலிருந்து வீடியோவில் சொல்லித் தருகிறேன்.

முன்பெல்லாம் நான் எதற்கும் வாய் திறக்க மாட்டேன். தொழுகையில்கூட, நல்ல பெண் போல அளந்து அளந்து கேட்பேன். இப்போது அப்படி இல்லை. சகோதரிகளே, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களை யாராவது சும்மா இருக்கிறாய் என்று சொன்னால், அதை விழுங்கிக்கொள்ளாதீர்கள். தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்து, அந்தக் கோபத்தோடேயே அல்லாஹ்வின் முன்னால் நில்லுங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் பரவாயில்லை, கேளுங்கள். அவனுக்கு எல்லாம் தெரியும். பிறகு எழுந்து போங்கள். உங்களுடையதை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.