சாந்தாவின் மொட்டையும் என் மாவு மில்லும்

மாவு மில்லில் நிற்கிறவனுக்கு மிளகாய்த் தூளால் கண் எரிவது கொஞ்சம்தான்; வாடிக்கையாளர்கள் சொல்லும் வைத்தியத்தால்தான் அதிகம் எரியும். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கடையும் நடத்துகிற என் சக பாவிகளுக்கு இது தெரியும். கொச்சி மட்டாஞ்சேரியில் மில்லுக்குப் பின்கட்டிலேயே எங்கள் வீடு. என் மனைவி சாந்தாவுக்கு பார்க்கின்சன் வந்து ஒன்பது வருஷம். மாத்திரைக்கு மசியாமல், கடைசியில் மூளைக்குள் மெல்லிய கம்பியும் நெஞ்சில் தோலுக்கடியில் பேட்டரியும் வைத்தார்கள். அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்: ஒரு டம்ளர் நிறையக் காப்பியை, சிந்தாமல், தானே குடிக்க வேண்டும்.

பிரசாதம்

ஆபரேஷனுக்காகத் தலையை மழித்திருந்தார்கள். வீடு திரும்பிய அன்றே, அரிசி அரைக்க வந்த ரத்னம்மா சேச்சி மொட்டையைப் பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள், சாந்தா பழனிக்குப் போய் முடி கொடுத்து, நோய் தீர்ந்து வந்திருப்பதாகத் தெருவே பேசியது. ஆளாளுக்குக் கிண்ணத்தோடு வந்தார்கள். சேச்சியை நிறுத்தி வைத்து மூளை, கம்பி, பேட்டரி எல்லாம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் செரி அண்ணாச்சி, பஞ்சாமிர்தம் தீர்ந்து போயோ?"

கேரண்டி

ஆபரேஷன் முடிந்த கையோடு நடுக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. "இது தற்காலிகம்தான், திரும்ப வரும், பயப்படாதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பேட்டரி மெஷினை ஓட விடுவோம்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தலையாட்டினோமே தவிர, ஒருவர் காதிலும் ஏறவில்லை.

பத்தாம் நாள் சாந்தாவின் கையிலிருந்து தட்டு விழுந்தது. "மண்டையைத் துளைச்சதுதான் மிச்சம்" என்று அழுதாள். எனக்கும் பயம்தான். அதைக் காட்டாமல் அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். பள்ளுருத்தியிலிருந்து ஓடி வந்தான் அவள் தம்பி முருகன்; ஃபேன் ரிப்பேர் கடைக்காரன். அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அத்தான், பில்லைத் தொலைச்சிடாதீங்க. கேரண்டி பீரியட்தான்."

கரண்ட்

மெஷின் ஓட ஆரம்பித்ததும் நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. குரல்தான் தணிந்துபோனது. மில் சத்தத்தில் அவள் திட்டுவது எனக்குக் கேட்பதில்லை. அதற்கும் தனியாகத் திட்டு.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் மில் நின்றது. கொச்சங்காடி கிடங்கில் வேலை பார்க்கும் நாசர் இக்கா, கோதுமையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார். சாந்தா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மெஷின் பேட்டரியில் ஓடுகிறது என்று நான் தொண்டை கிழியச் சொல்லியும் அவர் நம்பவில்லை. கரண்ட் வரும்வரை அவளெதிரே காவல் உட்கார்ந்திருந்துவிட்டு, என்னைக் கடிந்துகொண்டார்: "அண்ணாச்சி, சேச்சிக்கு வேண்டியாவது ஒரு இன்வெர்ட்டர் வாங்கிக்கூடே?"

அரை டம்ளர்

ஒன்பது வருஷமாக அவளுக்கு அரை டம்ளர்தான் ஊற்றுவேன். நிறைய ஊற்றினால் பாதி புடவைக்குப் போய்விடும். போன வாரம் காலையிலும் பழக்க தோஷத்தில் அரை டம்ளர் ஊற்றி, அடியில் கை கொடுத்து நின்றேன். சாந்தா என் கையை விலக்கினாள். டம்ளரைத் தானே தூக்கினாள். ஒரு சொட்டு அலுங்கவில்லை. அவள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மிச்சத்தை யாருக்கு வச்சிருக்கீங்க?"

நிறைய ஊற்றினேன்; அப்போது நடுங்கிச் சிந்தியது என் கைதான் என்பதை மட்டும் மில்லுக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், எனக்கும் மொட்டை போடச் சொல்வார்கள்.